மேலே ஒரு கோடு, கீழே ஒரு புள்ளி

வெள்ளவத்தையில் எமது இல்லத்துக்கு அண்மையில் வாழும் முதிய அம்மையார் ஒருவர், சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் நான்கு தாள்களைக் கையிலேந்தி எம்மிடம் வந்தார். அவருடைய கணவர் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. ஓய்வுபெற்ற எழுதுவினைஞராகிய அப்பெரியார், 2002ஆம் ஆண்டளவில் முதுமையிலும் சலியாது கணினி பழகி, பாரிஸ் மாநகரில் அப்பொழுதுதான் பிறந்திருந்த பேரனுக்குச் சில கடிதங்கள் எழுதி வைத்தார். அவன் வளர்ந்து பெரியவனானபின் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அக்கடிதங்கள் அடங்கிய குறுந்தட்டு, அலுமாரியின் அடித்தட்டிற் சேலைகளுக்கிடையே அகப்பட்டதாம். அதனைக் கடையொன்றிற் கொடுத்து அச்சிடுவித்தபோது வந்தவையே அந்நான்கு தாள்களும்.

“தம்பி, இது அவர் பேரனுக்கு எழுதினது. தமிழிலைதான் எழுதினவர், நான் பக்கத்திலை இருந்து பார்த்தனான். இப்ப பார்த்தால் பிரெஞ்சு மாதிரிக் கிடக்குது. உங்களுக்கு ஏதும் விளங்குதோ?” என்றார் அம்மையார்.

நாம் தாள்களை வாங்கி நோக்கினோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. இலத்தீன் எழுத்துக்களே வரிவரியாக நின்றன. ஆங்கிலத்தில் நாம் காணும் வெற்றெழுத்துக்களும் அல்ல அவை. ஒன்றின் தலைமேற் சாய்ந்த கோடு. ஒன்றின் தலைமேற் கூரை. ஒன்றின் மேல் இரட்டைப் புள்ளி. பிரெஞ்சு மொழி எமக்குத் தெரியாது. ஆதலின், கொட்டாஞ்சேனையிலிருந்து எமது வகுப்புக்கு வருபவனும், மேற்படிப்பை எண்ணிப் பிரெஞ்சு பயில்பவனுமாகிய மாணவன் ஒருவனிடம் மறுநாள் அவற்றைக் காட்டினோம். அவன் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தான்.

“சேர், இதிலை ஒரு சொல்லும் பிரெஞ்சு இல்லை. பிரெஞ்சுச் சொல்லுக்கு நடுவிலை முக்கால் வருமே?”

அவன் விரல் வைத்த இடத்தில், சொல்லின் தலையிலேயே, கணக்கில் நாம் எழுதும் முக்கால் என்னும் பின்னம் நின்றது. அவ்வினாவே எமக்கு வழிகாட்டிற்று. அவ்வழியே சென்று நாம் அறிந்தவற்றை நேயர்களுக்கும் சொல்லலாம் என்றே இதனை எழுதுகின்றோம். இத்தகைய தட்டுக்கள் பல வீட்டு அலுமாரிகளில் இன்றும் உறங்கக்கூடும் அன்றோ?

மீனவனும் பாவியும்

இலத்தீன் எழுத்து என்றவுடன் ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்களே நம்மவர் நினைவுக்கு வருவன. ஆயின், அவ்வெழுத்தைக் கையாளும் மொழிகள் பலவற்றுக்கு அவை போதா. ஆதலின் எழுத்தின் மேலும் கீழும் குறிகளை இட்டுப் புது ஒலிகளுக்கு உரியனவாக்கினர். இக்குறிகள் அலங்காரத்துக்காக இடப்பட்டவை அல்ல. பிரெஞ்சில் ‘மீனவன்’ என்பதற்கும் ‘பாவி’ என்பதற்கும் உள்ள சொற்கள் எழுத்தளவில் ஒன்றே. முதல் உயிரெழுத்தாகிய ‘ஈ’யின் தலைமேற் கூரைக்குறி இருப்பின் மீனவன், வலப்புறம் உயர்ந்து சாய்ந்த கோடு இருப்பின் பாவி. குறியை விட்டுவிட்டால் வலைவீசி உழைப்பவன்மீது வீண்பழி வந்து சேரும்.

தமிழருக்கு இது புதுமையன்று. நாமும் மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பவர்களே. புள்ளி வீழ்ந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். 

கணினி எழுத்தை எவ்வாறு அறிகின்றது?

கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று மனிதர் வகுத்துக்கொண்ட பட்டியலே குறியீட்டு முறை எனப்படும். அமெரிக்காவில் 1963ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ‘அஸ்கி’ என்னும் பட்டியலில் 128 இடங்களே இருந்தன. பெரிய ‘ஏ’க்கு 65, பின்னர்ச் சிறிய ‘ஏ’க்கு 97 என எண்கள் அளிக்கப்பட்டன. ஆங்கிலத்துக்கு அது போதுமானது. குறியிட்ட எழுத்து ஒன்றுக்கேனும் அதில் தனியிடம் இல்லை.

பின்னர் 256 இடங்கள் கொண்ட பட்டியல்கள் எழுந்தன. முதற்பாதியை அஸ்கிக்கே விட்டு, 160 முதல் 255 வரையுள்ள இடங்களில் மேற்கு ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துக்களையும், நாணயக் குறிகள், பின்னங்கள் முதலியவற்றையும் வைத்த பட்டியலொன்று 1987இல் அனைத்துலகத் தரமாயிற்று. அதன் எண் 8859, முதற்பகுதி. சாய்கோடிட்ட ‘ஈ’ 233ஆம் இடத்தைப் பெற்றது. முக்கால் என்னும் பின்னம் 190ஆம் இடத்திலே அமர்ந்தது. அப்பட்டியலிலும் குறை இல்லாமலில்லை. ‘இதயம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லில் ‘ஓ’வும் ‘ஈ’யும் ஒன்றோடொன்று ஒட்டிய எழுத்து வரும்; அதற்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. 1999இல் வந்த திருத்தப் பட்டியலிலேதான் அது இடம்பெற்றது.

தமிழ் அமர்ந்த இடம்

இனி அந்த முக்காலுக்கு வருவோம். 1990ஆம் ஆண்டுகளிற் பல நாடுகளிற் சிதறியிருந்த தமிழர் மின்னஞ்சலில் தமிழ் எழுத விரும்பினர். பட்டியலிலோ தமிழுக்கு இடமில்லை. ஆதலின் பிறருடைய இடத்திலே நம் எழுத்தின் வடிவங்களை அமர்த்தும் உபாயத்தைக் கையாண்டனர். இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடங்களையே எடுத்துக்கொண்டது. ‘ஜே, கே, பி, ஓ’ என்னும் சிறிய எழுத்துக்களையும் அரைப்புள்ளியையும் தட்டினால் அதிலே ‘தமிழ்’ என்று தோன்றும். ஆனால் அதே எழுத்துருவில் தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்தெழுத இயலாது.

பல நாட்டுத் தமிழ் ஆர்வலர் கூடி மின்னஞ்சல் வழியே ஆராய்ந்து வகுத்த ‘திஸ்கி’ என்னும் முறை வேறு வழியை மேற்கொண்டது. ஆங்கிலம் இருந்த முதற்பாதியை அவ்வாறே விட்டு, ஐரோப்பியரின் குறியிட்ட எழுத்துக்கள் இருந்த பிற்பாதியில் தமிழை வைத்தது. 190ஆம் இடத்தில் ‘த’. 193ஆம் இடத்தில் ‘ம’. 162ஆம் இடத்தில் இகரக் கொம்பு. 250ஆம் இடத்தில் ‘ழ்’. இவ்வாறு எழுதிய கோப்பைத் திஸ்கி எழுத்துரு இல்லாத கணினி திறந்தால் யாது நிகழும்? அக்கணினி ஐரோப்பியப் பட்டியலை எடுத்துப் பார்க்கும். 190 முக்கால், 193 சாய்கோடிட்ட பெரிய ‘ஏ’, 162 அமெரிக்கச் சதத்தின் குறி, 250 சாய்கோடிட்ட சிறிய ‘யூ’. ‘தமிழ்’ என்று எழுதியது முக்காலிலே தொடங்கிச் சாய்கோட்டிலே முடியும்!

அம்மையாரின் தாள்களில் இந்நான்கு குறிகளும் அவ்வொழுங்கிலேயே பன்முறை வந்திருந்தன. அவற்றைக் கண்டபோதே பெரியவர் எழுதியது தமிழ்தான் என்பதும், அழியாது அப்படியே இருக்கின்றது என்பதும் உறுதியாயின. எண்கள் மாறவில்லை, அவற்றைப் பார்த்த பட்டியலே மாறியது. அன்று மாலையே வெள்ளவத்தைக்குச் சென்று, “அம்மா, ஓர் எழுத்தும் கெட்டுப்போகவில்லை” என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசாது சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பழைய எண்களைப் புதிய எண்களாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் ஒரு நுட்பம் வேண்டும். திஸ்கியில் ‘கெ’ என்பதற்குக் கண்ணுக்குத் தோன்றும் ஒழுங்கிலே கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக எண்கள் நிற்கும். இக்கால முறையிலே ககரம் முன்னும் கொம்பு பின்னும் நிற்க வேண்டும். மாற்றியானது எண்ணை மாற்றுவதோடு ஒழுங்கையும் மாற்ற வேண்டும். நான்கு தாள்களும் கால் மணி நேரத்திலே தமிழாயின.

ஒருங்குறியும் ஓர் இடர்ப்பாடும்

இக்கால முறை என்றோமே, அதுவே ‘யுனிக்கோட்’ எனப்படும் ஒருங்குறி. உலகத்து எழுத்துக்கள் அனைத்துக்கும் வெவ்வேறு எண் அளிப்பது அதன் நோக்கம். 1991இல் வெளியான முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழின் பகுதி 2944ஆம் எண் முதல் 3071 வரை உள்ளது. ‘அ’ 2949, ‘ழ’ 2996. தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருங்குறியை ஏற்றது. இம்முறையிலே தமிழும் பிரெஞ்சும் சிங்களமும் ஒரே தாளில் ஒன்றையொன்று நெருக்காது வாழலாம்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. குறியிட்ட எழுத்தை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். சாய்கோடிட்ட ‘ஈ’யை 233 என்று ஒரே எண்ணாலும் எழுதலாம், 101 என்னும் வெறும் ‘ஈ’யை இட்டு, அதன்பின் 769 என்னும் சாய்கோட்டைத் தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. தமிழிலும் ‘கொ’ என்பதைக் ககரத்தோடு 3018 என்னும் ஒரே குறியாலும், 3014, 3006 என்னும் இரு குறிகளாலும் எழுதலாம். இரண்டையும் ஒன்றாகவே கொள்ள வேண்டும் என்று தரம் விதித்துள்ளது. அவ்விதியைப் பேணாத செயலியிலே ஒருவகையாகப் பதிந்த பெயரை மற்றொரு வகையாகத் தேடினால் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று விடை வரும். கண்முன்னே இருப்பவரை இல்லையென்பது எத்துணை வேடிக்கை!

குறியிட்ட எழுத்துக்கள் இன்றும் ஒரோவழி நம் தமிழின் இடத்திலே தலைகாட்டுவதுண்டு. ஒருங்குறியை அனுப்புவதற்கு 1992இல் கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவர் வகுத்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாகப் பிரிந்து செல்லும். முதலாவது எண் எப்பொழுதும் 224. அதனைப் பழைய ஐரோப்பியப் பட்டியல் கொண்டு வாசித்தால், இடப்புறம் உயர்ந்த கோட்டைத் தலையிலுடைய ‘ஏ’ ஆகும். ஆதலின், தமிழ் எதிர்பார்த்த இடத்தில் அந்த ‘ஏ’ மீண்டும் மீண்டும் வரக் கண்டால் நேயர்கள் திகைக்க வேண்டாம். எழுத்து அழியவில்லை; வாசிக்கும் பட்டியலை மாற்றினாற் போதும்.

நகரா விசை

எண் உண்டு, அதனைத் தட்டுவது எவ்வாறு? பிரெஞ்சுக்காரரின் விசைப்பலகையில் சாய்கோடிட்ட ‘ஈ’, இரண்டு என்னும் இலக்கத்தின் விசையிலேயே உள்ளது. நம்மிடமுள்ள ஆங்கில விசைப்பலகையையும் ‘அனைத்துலக’ அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்பொழுது ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டினால் உடனே ஒன்றும் தோன்றாது. அடுத்து ‘ஈ’யைத் தட்டியதும் இரண்டும் கூடி ஒரே எழுத்தாய் வெளிப்படும். கைத்தொலைபேசியிலோ ‘ஈ’யின்மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்தி வைத்திருந்தால் அதன் குறியிட்ட உறவினர் யாவரும் வரிசையாக வந்து நிற்பர்.

தட்டியும் நகராத இவ்விசை, பழைய தட்டெழுத்துப் பொறியிலிருந்து வந்தது. அதிலே குறியைத் தட்டினாற் கடதாசி நகராது; அடுத்த எழுத்து அக்குறியின் கீழேயே பதியும். இவ்வுபாயத்தைத் தமிழுக்கு வெற்றியாக அமைத்தவர் நம் நாட்டவர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டு பிறந்து, சிங்கப்பூரிலே தொழில் புரிந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர். 247 எழுத்துக்களைச் சிறிய விசைப்பலகையில் அடக்குவதற்கு நகரா விசை அவருக்குப் பெரிதும் துணைநின்றது. பிரெஞ்சுக்காரரின் கோட்டுக்கும் நமது புள்ளிக்கும் ஒரே பொறிமுறை பயன்பட்டது.

பாலும் பல்லும்

கடிதங்கள் தமிழாயின என்று அம்மையார் மகிழ்ந்தார். ஆயின், மற்றொரு தடை குறுக்கிட்டது. பாரிஸிலுள்ள பேரனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. தமிழ் எழுத்திலே அனுப்பினால் அவனுக்குப் பயனில்லை. “அப்ப இங்கிலீஷ் எழுத்திலை எழுதி அனுப்புவம்” என்றான் எமது மாணவன். எழுதியும் காட்டினான். பெரியவரின் முதற்கடிதத்திலே, பேரன் காலையிற் பால் குடித்துப் பள்ளிக்குப் போக வேண்டும், அறத்தை மறக்கலாகாது என்று இருந்தது. வெற்றெழுத்தில் எழுதி வாசித்தபோதோ, பேரன் பல் குடித்துப் பல்லிக்குப் போக வேண்டும், அரத்தை மறக்கலாகாது என்றாயிற்று! அறம் உரைத்த தாத்தா, அராவும் கருவியைப் பேணச் சொன்னவராய்விட்டார். சிரித்தோம், ஆயினும் அவ்வாறு அனுப்ப மனம் ஒப்பவில்லை.

இக்குறையைத் தீர்க்கும் வழி நம்மிடம் முன்னரே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, தமிழை இலத்தீன் எழுத்தில் வழுவின்றி எழுதும் முறையொன்றைக் கையாண்டது. ஐந்து நெடில்களுக்கு எழுத்தின் மேலே கிடைக்கோடு. ளகரத்துக்கு ‘எல்’லின் கீழே புள்ளி, ழகரத்துக்கு அதே ‘எல்’லின் கீழே கோடு. றகரத்துக்கும் னகரத்துக்கும் கீழே கோடு. டகரத்துக்கும் ணகரத்துக்கும் கீழே புள்ளி. ஙகரத்துக்கு மேலே புள்ளி. ஞகரத்துக்கு மேலே அலைக்குறி. இந்திய எழுத்துக்கள் அனைத்துக்குமாக 2001இல் வந்த 15919 என்னும் அனைத்துலகத் தரமும் தமிழுக்கு இக்குறிகளையே கொள்கின்றது.

இவற்றுள் முற்கூறிய 1987ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தது ஞகரத்தின் அலைக்குறி எழுத்து ஒன்றே. அதுவும் ஸ்பானிய மொழியின் பொருட்டு வைக்கப்பட்டது. ஏனையவற்றுக்கு ஒருங்குறியே இடந்தந்தது. நெடில் ஆகாரத்தின் எழுத்து 257, ளகரத்தினது 7735, ழகரத்தினது 7739, றகரத்தினது 7775. நம் மொழியின் ஒலிக்கு இலத்தீன் வரிசையிலும் தனித்தனி இருக்கைகள் கிடைத்துவிட்டன.

இம்முறை ஏடுகளோடு நின்றுவிட்டமையால் நம் பெயர்கள் படும் பாட்டை யாவரும் அறிவர். ‘யாழினி’ என்பதை நம் நாட்டினர் வெறும் ‘எல்’ இட்டு எழுதுவர். தமிழ்நாட்டினர் ‘இசட், எச்’ இட்டு எழுதுவர். கடவுச்சீட்டின் அடியிலே பொறி வாசிப்பதற்கென 44 இடங்கள் கொண்ட இரண்டு வரிகள் உண்டு. அவற்றிலே இருபத்தாறு பெரிய எழுத்துக்களும் இலக்கங்களும் இடைநிரப்பும் குறியொன்றுமே வரலாம். கோடும் புள்ளியும் அங்கே செல்லா. பிரெஞ்சுக்காரரின் சாய்கோடும் அங்கே வீழ்ந்துவிடும். அவ்வரிகளில் மீனவனும் பாவியும் ஒருவரே! ஆதலின், பிள்ளைகளின் பெயரை இலத்தீன் எழுத்தில் முதன்முதல் எழுதும்போதே ஓர் எழுத்துக்கூட்டலைத் தேர்ந்து, எல்லாப் பத்திரங்களிலும் அதனையே பேணுதல் பெற்றோரின் கடமையாகும்.

கடிதங்கள் நான்கையும் பேரகராதியின் முறைப்படி எமது மாணவன் இரண்டு மாலைகளில் எழுதி முடித்தான். எந்தக் குறிக்கு எந்த ஒலி என்னும் சிறு பட்டியலையும் உடன் அனுப்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேரன் தொலைபேசியில் அழைத்தபோது நாமும் அங்கிருந்தோம். அவன் முதற்கடிதத்தை மெல்ல மெல்ல, எழுத்தெழுத்தாக வாசித்தான். பாலைப் பாலென்றே வாசித்தான். பள்ளியைப் பள்ளியென்றே வாசித்தான். ‘தமிழ்’ என்னும் சொல் வந்ததும் நின்று, “அப்பம்மா, கீழே கோடு போட்ட எழுத்தைத் தாத்தா எப்படிச் சொல்லுவார்?” என்று வினவினான். அம்மையார் சொல்லிக்கொடுத்தார். நான்கு முறை பிழைத்து ஐந்தாம் முறை அவன் சரியாகச் சொன்னான்.

நேயர்களே, உங்கள் வீட்டு அலுமாரிகளையும் ஒருமுறை ஆராய்ந்து பாருங்கள். பழைய தட்டுக்கள் அகப்பட்டால், விளங்காத எழுத்தென்று எறிந்துவிடாதீர்கள். மாணவர்களே, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு பிரதிகளாக வெவ்வேறிடத்திற் சேமித்துக் கொடுங்கள். மூல எண்கள் உள்ள கோப்பையும் அழியாது வைத்திருங்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் ஈழத்து எழுத்துக்களைக் காக்கவென எழுந்த நூலகம் நிறுவனமும் செய்துவரும் பெரும்பணியின் சிறு கூறு இது. ஆனால் தட்டுக்கள் நாட்செல்லச் செல்லப் பழுதுபடுவன; அவற்றை வாசிக்கும் பொறிகளும் அருகி வருகின்றன. ஆதலின், இவ்வேலையை அடுத்த விடுமுறைக்கென்று தள்ளிவையாது இன்றே தொடங்குதல் நன்று.